பிளஸ் டூ பிள்ளைகளுக்கு: கல்லூரிக்கு முன்னால் வரும் இரண்டு கோடைகள்

பொங்கல் லீவு வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பழைய மாணவர்கள் கூடிவிடுவார்கள். கல்லூரியில் முதல் செமஸ்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயற்பியல் நடத்துகிறேன். கரும்பைக் கடித்துக்கொண்டே அவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். அந்த நோட்டில் அதிகம் தடவை வருகிற வாக்கியம் இதுதான்: “டீச்சர், அங்க யாரும் நோட்ஸ் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

600க்கு 580 வாங்கிப் போன பெண்ணும் இதைத்தான் சொன்னாள், 340 வாங்கிப் போன பையனும் இதைத்தான் சொன்னான். பள்ளியில் நாங்கள் முக்கியமான கேள்விகளைக் குறித்துக் கொடுக்கிறோம், விடையைப் பலகையில் எழுதிப் போடுகிறோம், காலையில் ஒரு டெஸ்ட், மாலையில் ஒரு டெஸ்ட் வைக்கிறோம். கல்லூரியில் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போய்விடுவார். புத்தகம் நூலகத்தில் இருக்கும். எடுத்துப் படிப்பது அவரவர் பாடு. தானாக ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் இருந்தால் முதல் செமஸ்டரில் அரியர் விழுவது பாதியாகக் குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பழக்கத்தைக் கோடையில் பிடிக்கலாம். எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு இரண்டு கோடை கிடைக்கிறது. பிளஸ் ஒன் முடிந்து ஒன்று. மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும்வரை இன்னொன்று. இரண்டாவதுதான் நீளம். கலை அறிவியல் கல்லூரி என்றால் மூன்று மாதம், பொறியியல் என்றால் அதற்கும் மேல்.

முதல் வாரம் நன்றாகத் தூங்குங்கள். அப்புறம் வேலைக்குப் போக வேண்டிய வீடாக இருந்தால் தயங்காமல் போங்கள். என் மாணவர்களில் பாதிப் பேர் ஏப்ரல், மே மாதங்களில் சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறைக்கும் தறிக்கும் போகிறவர்கள். மலைப் பிள்ளைகளுக்கு மே மாதம் ஏற்காடு சீசன். கடை, விடுதி என்று ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். வேலைக்குப் போனால் படிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் கேட்பது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அதுவும் விடியற்காலையில், 5 மணியிலிருந்து 6:30 வரை. சேலத்து மே மாத வெயிலில் மதியம் உட்கார்ந்து படிப்பேன் என்று திட்டம் போட்டால் இரண்டே நாளில் விட்டுப்போகும்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்வது? தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இது என் சொந்தக் கதை.

அப்பா அம்மாப்பேட்டையில் தறி நெய்தவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.எஸ்ஸி. இயற்பியல் முதல் வாரத்தில் பேராசிரியர் ‘மொமென்ட் ஆஃப் இனர்ஷியா’ என்று ஆரம்பித்தார். வகுப்பு முடியும்வரை பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி எழுதவில்லை. வீட்டுக்கு வந்து, பக்கத்துத் தெரு அக்காவிடம் இங்கிலீஷ் மீடியம் புத்தகத்தை வாங்கிப் பார்த்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. சுழலும் வட்டத்தட்டு. பிளஸ் டூவில் நான் முழு மார்க் வாங்கிய ‘நிலைமத் திருப்புத்திறன்’ அது! எனக்குத் தெரிந்த பாடம்தான். பெயர் மட்டும் தெரியாமல் அன்று முழுக்க அழுதிருக்கிறேன்.

அதனால் இதைச் செய்யுங்கள். நம் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடத்திட்டத்தில், ஒரே படங்களோடு இருக்கின்றன. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கையில் தமிழ்ப் புத்தகம், போனில் ஆங்கிலப் புத்தகம். நீங்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்த பாடத்தையே எடுங்கள். புதுப் பாடம் வேண்டாம். ஒரு பத்தியைத் தமிழில் படியுங்கள். அதே பத்தியை ஆங்கிலத்தில் வாய்விட்டு, மெதுவாகப் படியுங்கள். புரியாத சொல் முப்பது இருந்தாலும் எட்டை மட்டும் குறியுங்கள். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். திசைவேகம் என்றால் வெலாசிட்டி. முடுக்கம் என்றால் ஆக்ஸிலரேஷன். உந்தம் மொமென்டம், பாகியல் விஸ்காசிட்டி, பரப்பு இழுவிசை சர்ஃபேஸ் டென்ஷன். கணக்கில் வகையிடல் டிஃபரன்ஷியேஷன், தொகையிடல் இன்டக்ரேஷன், அணி மேட்ரிக்ஸ். வணிகவியல் பிள்ளைகளுக்குப் பேரேடு லெட்ஜர், இருப்பாய்வு டிரையல் பேலன்ஸ், தேய்மானம் டிப்ரிசியேஷன்.

எழுதியதும் இரண்டு புத்தகத்தையும் மூடிவிட்டு, படித்ததை யாரிடமாவது சொல்லுங்கள். முதலில் தமிழில், அப்புறம் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில். கேட்க ஆள் இல்லையென்றால் போனில் பதிவு செய்யுங்கள். நாளுக்கு எட்டுச் சொல் என்றால் 40 நாளில் 320 சொல். முதல் செமஸ்டர் வகுப்பில் உட்கார்ந்து, பேராசிரியர் எந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று பிடித்துக்கொள்ள அது போதும்.

கொலுசுப் பட்டறைக்குப் போன ஒரு மாணவி இதை அப்படியே செய்தாள். பட்டறையில் சலங்கை கோர்க்கும்போது கை வேலை செய்யும், வாய் சும்மாதான் இருக்கும் என்று, காலையில் எழுதிய எட்டுச் சொல்லையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, எதிரே பலகையில் ஒட்டி வைத்துக்கொண்டாளாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காக்கள் இரண்டு வாரத்தில் “இன்னிக்கு என்ன கண்ணு சொல்லு?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அந்த நோட்டு இன்னமும் அவளிடம் இருக்கிறது, வெள்ளித்தூள் கறையோடு.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். மனப்பாடம் செய்த வரியை விட்டுவிட்டு, சொந்த வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, காதால் கேட்டுக் குறிப்பெடுப்பது. வாரம் மூன்று நாள் போதும். கல்வித் தொலைக்காட்சியின் ஒரு பாடத்தையோ, ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் வகுப்பு ஒன்றையோ பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நிறுத்தாதீர்கள், பின்னால் தள்ளாதீர்கள். வகுப்பில் பேராசிரியரை நிறுத்த முடியாது அல்லவா? முழு வாக்கியமாக எழுத முயன்றால் பின்தங்கிவிடுவீர்கள். தலைப்பு, சூத்திரம், ஓர் எடுத்துக்காட்டு, புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். முடிந்த பிறகு இன்னொரு முறை பார்த்து, விட்டுப்போனதை வேறு மையில் நிரப்புங்கள். முதல் வாரம் பக்கம் முழுக்க வேறு மையாகத்தான் இருக்கும். ஐந்தாவது வாரம் அது கால் பங்காகக் குறையும். கண்ணால் பார்க்கிற முன்னேற்றம் இது. பிள்ளைகளுக்குத் தைரியம் வருவது இதில்தான்.

இனி, என்ன படிப்பது என்கிற பெரிய கேள்வி. பிளஸ் ஒன் முடித்த கோடை இதற்குத்தான். கல்லூரி விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்தப் படிப்பு மனதில் இருக்கிறதோ அதன் முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தைத் தேடி எடுங்கள். பெரியார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமும், தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டமும் அவரவர் தளத்திலேயே கிடைக்கின்றன. பாடத் தலைப்புகளைப் படிக்கும்போது “இதை மூன்று வருடம் படிப்பேனா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒற்றைக் காலில் நின்ற ஒரு மாணவன், அதில் இவ்வளவு கணக்கு வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டு, வேறு படிப்பு எடுத்து இன்று சந்தோஷமாக இருக்கிறான். இன்னொருத்தி கணக்கைப் பார்த்துத்தான் அதில் சேர்ந்தாள்.

அப்புறம் நேரில் போய்ப் பாருங்கள். நம் சேலம் மாவட்டத்திலேயே எத்தனை இருக்கிறது! 1857இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்கென்று தனி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் ஒரே நாளில் பார்த்துவிடுகிற தூரம். தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: சேலத்தில் மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, அங்கே கைத்தறியும் ஜவுளியும் படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள். நூல் சாயம் போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளைக்கு அந்த வாசல் தெரிந்திருக்க வேண்டும். என் காலத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மே மாதம் கல்லூரிகளில் வகுப்பு இருக்காது, அலுவலகம் இருக்கும். அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். வகுப்பு நடக்கும்போதே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒருவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். லேப் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? போன வருடம் எந்தப் பாடத்தில் அதிகம் பேர் அரியர் வைத்தார்கள்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. மலை ஏறிப் போக வேண்டிய பிள்ளைக்கு அதுதான் முதல் கேள்வி.

பார்ப்பது என்றால் கல்லூரியை மட்டும் இல்லை, வேலையையும் பாருங்கள். ஏற்காட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, காபித் தோட்டத்தில் அம்மாவோடு வேலைக்குப் போகிறவள், தாவரவியல் எடுக்கலாமா என்று கேட்டு வந்தாள். ஒரு கோடை முழுக்கச் சுற்றியிருக்கிற செடிகளுக்கு ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். ஊரில் சொல்லும் பெயர், பூக்கும் காலம், எதற்குப் பயன்படும், அறிவியல் பெயர். காபிக்கு காஃபியா அராபிகா, மிளகுக்குப் பைப்பர் நைக்ரம், நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்குக்குக் கிரெவில்லியா ரோபஸ்டா. ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது; சுற்றுலா வருகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இவள் அங்கே போய்ப் பெயர்ப் பலகைகளை உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தாள். ஜூனில் என்னிடம் காட்டும்போது 74 செடி இருந்தது. எந்தப் படிப்பு என்று அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்கவே இல்லை.

சரி, சான்றிதழ்களுக்கு வருகிறேன். இது சலிப்பான வேலைதான். ஆனால் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் ஜூன் மாதம் தாலுகா அலுவலக வாசலில் கண் கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, ஆதார், வங்கிப் பாஸ்புக் மூன்றையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு மாணவிக்குச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். உதவித்தொகை விண்ணப்பம் அதனாலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டது. ஆதாரைத் திருத்துவது சுலபம், அச்சாகி வந்த மதிப்பெண் சான்றைத் திருத்துவது பெரும்பாடு. பிளஸ் டூவில் நாமினல் ரோல் (பரீட்சை எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல்) தயாராகும் முன்னால், அதாவது பிளஸ் ஒன் கோடையிலேயே, இதை முடித்துவிடுங்கள்.

அடுத்து இ-சேவை மையம். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாகப் போகும். ரிசல்ட் வந்த பிறகு ஊரே வரிசையில் நிற்கும், ஏப்ரலில் வரிசை கிடையாது. வருமானச் சான்று மட்டும் ஓராண்டுக்குத்தான் செல்லும், அதனால் அதைக் கல்லூரி சேரும் ஆண்டில் எடுங்கள். நம் மலையில் வாழும் மலையாளி என்கிற பழங்குடி இனப் பிள்ளைகள் கவனிக்க: பழங்குடியினர் சான்று வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர் அளவில் விசாரணை நடந்துதான் வரும். நாள் பிடிக்கும். பிளஸ் ஒன் கோடையிலேயே மனு போட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை படித்ததற்கான சான்றைப் பள்ளியிலேயே வாங்குங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும். இந்த ஒரு காகிதத்துக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இதை வைத்துத்தான். அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், பையன்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருவதும் இதை வைத்துத்தான். அந்தப் பணம் மாணவரின் சொந்தப் பெயரில் உள்ள, ஆதார் இணைத்த கணக்குக்கு வரும். அம்மா கணக்கு ஆகாது. கோடையிலேயே போய்க் கணக்கைத் தொடங்குங்கள். அப்போது வங்கிப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள், பேனாவை அப்பாவிடம் கொடுக்காதீர்கள். எல்லாச் சான்றையும் ஐந்தைந்து ஜெராக்ஸ் எடுத்து, ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

டைப்ரைட்டிங் பற்றி ஒரு வார்த்தை. பழைய காலத்து விஷயம் என்று நினைக்கிறார்கள். ஏப்ரலில் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து தினம் ஒரு மணி நேரம் தட்டினால், ஆகஸ்ட்டில் நடக்கும் அரசுத் தேர்வில் ஆங்கிலம் இளநிலை எழுத ஒரு முயற்சி செய்யலாம். அசைன்மென்ட், புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் கை ஓடும். பின்னாளில் குரூப் 4 எழுதினால் தட்டச்சர் பணிக்கும் கைகொடுக்கும்.

விடுதிக்குப் போகிறவர்கள் துணி துவைக்கவும், ஒரு சாதமும் ஒரு ரசமும் வைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டிராஃப்டர், கால்குலேட்டர், லேப் கோட் எதையும் முன்கூட்டி வாங்காதீர்கள். சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும்.

ரிசல்ட் வந்த பிறகு செய்ய வேண்டியது குறைவு, ஆனால் அவசரமாகச் செய்ய வேண்டியது. பொறியியலுக்குக் கணக்கு மார்க்கை அப்படியே எடுத்து, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி சேர்த்தால் 200க்கு உங்கள் கட்-ஆஃப். கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது உண்மையிலேயே எது வேண்டுமோ அதை மேலே வையுங்கள், கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்து கீழே இறக்காதீர்கள். பொறியியலுக்கு விண்ணப்பித்தாலும் அரசு கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

ஒரு பாடத்தில் தவறிவிட்டால் அன்றைக்கே பள்ளிக்கு வாருங்கள். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே நடக்கிறது. அதில் தேறி அதே ஆண்டில் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் எனக்கு நிறையத் தெரியும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள். எந்த ஆசிரியரும் திட்ட மாட்டார். பெற்றோருக்கும் சொல்கிறேன்: அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், சொந்தக்காரர் போனை எடுக்காதீர்கள்.

இப்போது என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான். கல்லூரி போய்ச் சேருங்கள். பொங்கலுக்கு வரும்போது கோடு போட்ட அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் எதைச் சொல்லாமல் விட்டேன் என்று உங்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அடுத்த ஏப்ரலில் வருகிற பிள்ளைகளுக்கு.